யார் மடியில் காது குத்துவது?

வண்டியை எங்கே நிறுத்துவது என்று உங்களுக்குப் பயிற்சியில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லித் தரவில்லை. நாம் சிறப்பாசிரியர்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பழக்குகிறவர்கள். நம்முடைய வண்டி ஒரு வாசலில் வாரந்தோறும் நின்றால், அந்த வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்று தெருவே தெரிந்துகொள்ளும். அமராவதிபுதூரில் மல்லிகா என்ற தாய் முதல் நாளே என்னிடம் கேட்டது அதைத்தான்.

"கோவிச்சுக்கிறாதீக சார். வண்டிய ரேஷன் கடைப் பக்கம் அங்குட்டு விட்டுட்டு நடந்து வாரீகளா?"

நடந்தேன். வண்டியில் மாட்டிய தலைக்கவசம் போய்விடுமோ என்ற கவலையோடுதான் ஒவ்வொரு தடவையும் நடந்தேன். கொஞ்ச நாளில், ரேஷன் கடையில் வண்டி நின்றால் நான் மல்லிகா வீட்டில் இருக்கிறேன் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. மல்லிகாவுக்கு மட்டும்தான் அது தெரியாது. தள்ளி நிறுத்தினால் அவர்களுடைய வெட்கத்துக்கு நானும் உடந்தை. வாசலில் நிறுத்தினால் என் கொள்கைக்கு அவர்கள் விலை கொடுக்க வேண்டும். பணி ஓய்வு பெற்ற பிறகும் எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லி அனுப்புங்கள்.

இப்போது சொல்லப்போவதும் அப்படிப்பட்ட ஒன்றுதான். தெளிவான முடிவை எதிர்பார்த்து யாரும் பேனாவை எடுக்க வேண்டாம்.

மல்லிகாவின் கணவர் மரவேலைக்காரர். கத்தாரில் கதவு, ஜன்னல் செய்துகொண்டிருந்தார். வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கோகிலா, காரைக்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் விற்கும் கடையில் கணக்கு எழுதினாள். இளையவன் வேலு. நான் கடைசியாகப் பார்த்துவந்த பிள்ளைகளில் வயதில் பெரியவன். ஆட்டிசம் உள்ளவன். பேச்சு மிகக் குறைவு. நாம் கேட்பதன் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வான். சாப்பிடுறியா என்றால் 'சாப்பிடுறியா' என்பான். பசித்தால் தட்டை எடுத்துக்கொண்டு வருவான். தொட்டால் உதறுவான். அவனாகத் தொட்டால் சரி. சத்தம் ஆகாது. பட்டாசுக்கும் தவிலுக்கும் வீட்டின் கடைசி அறைக்குப் போய்விடுவான்.

மல்லிகாவுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. வேலுவுக்கு ஒன்றரை வயதில் கடும் காய்ச்சல் கண்டதாம். மாமியார் மந்திரிக்கச் சொன்னதைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதித்தாராம். அதனால்தான் பிள்ளை இப்படி ஆனான் என்று அவர் நம்பினார். ஊரும் நம்பியது. "பெத்தவ பாக்காம விட்டுட்டா" என்பது அந்தத் தெருவில் வேலுவின் பெயரோடு ஒட்டிப் பிறந்த வாக்கியம் மாதிரி.

அந்த வாக்கியத்தை அழிக்க நான் பல வருடம் செலவழித்தேன். கடைசியில் ஊர்ப் பொதுக் கூடத்தில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டோம். அறுபது நாற்காலிக்கு நாற்பத்தோரு பேர். எனக்கு எதையும் எண்ணிவிட்டுத்தான் பேச வரும். ஆட்டிசம் காய்ச்சலால் வருவதில்லை, தடுப்பூசியால் வருவதில்லை, கிரகணத்தால் வருவதில்லை, தாய் கவனிக்காததால் வருவதில்லை, பிறப்பதற்கு முன்பே மூளை வேறு விதமாக உருவாகிவிடுகிறது என்று சொன்னேன். மல்லிகா கடைசி வரிசையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து நான் இன்னும் உற்சாகமாகப் பேசினேன்.

முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார்.

"அப்ப இது ரத்தத்துல இருக்குன்னு சொல்றீக."

"பரம்பரைக்கும் ஒரு பங்கு இருக்குங்க. ஆனா எந்த வீட்ல, யாருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. உங்க வீட்லயும் பிறக்கலாம், எங்க வீட்லயும் பிறக்கலாம்."

நாற்பத்தோரு பேரும் என் பதிலின் முதல் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

அடுத்த ஆறு மாதத்தில் கோகிலாவுக்கு வந்த இரண்டு வரன்கள் பேச்சோடு நின்றுபோயின. முன்பெல்லாம் தம்பியைப் பற்றிக் கேட்டால் தாயின் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். தாய் மேல் இருந்த பழியை நான் துடைத்தேன். அது ஒழிந்து போகவில்லை, மகள் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. சொன்னது அத்தனையும் உண்மை. உண்மையைச் சொன்னால் இப்படி நடக்கும் என்று எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.

கோகிலா வாய் உள்ள பெண். பூக்கல் கடை வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"எங்கம்மாவக் கூண்டுலருந்து இறக்கி விட்டீக சார், சந்தோசம். இப்ப என்னைய ஏத்தி விட்டுட்டீகளே, நான் எப்ப இறங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று வீட்டுக்குப் போய் இரத்த அழுத்தம் பார்த்தேன். கூடியிருந்தது.

மூன்றாவதாகச் சிங்கம்புணரியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் திருப்பூரில் இயந்திரம் பழுது பார்க்கிறவன். கோகிலாவைப் பிடித்துப்போய்விட்டது என்றான். ஆனால் அவனுடைய தாய்மாமன் விசாரித்துச் சொன்னால்தான் நடக்கும் என்றார்கள். நம் பக்கத்து விசாரிப்பு உங்களுக்குத் தெரியும். வீட்டில் கேட்டதை வெளியே நான்கு இடத்தில் ஒத்துப் பார்ப்பார்கள். பலசரக்குக் கடை, கோவில் வாசல், பள்ளிக்கூடம். இந்தத் தடவை நானும் ஓர் இடம்.

மல்லிகா காரைக்குடியில் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நாற்காலியில் உட்காரவில்லை.

"அவுக உங்களப் பாக்க வருவாக சார். காய்ச்சல்ல வந்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"அது இல்லைன்னு உங்களுக்கே தெரியுமேம்மா."

"தெரியும். நீங்கதான் சொல்லிக் குடுத்தீகளே. நான் பாக்காம விட்டதால வந்ததுன்னே சொல்லுங்க. என் பேரு கெட்டா என்ன, நானா கட்டிக்கிட்டுப் போகப் போறேன்?"

எத்தனை வருடமாக அந்தப் பாரத்தை அவர் தலையிலிருந்து இறக்க நான் பாடுபட்டேன். இறங்கிய பிறகு, அதை எடுத்துத் திரும்பத் தலையில் வைத்துவிடுங்கள் என்று அவரே வந்து கேட்கிறார். மறுத்தால் மகள் கல்யாணம் நிற்கலாம். சம்மதித்தால் இந்த அம்மா ஆயுசுக்கும் குற்றவாளி. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அவர் படி இறங்கியிருக்க மாட்டார், அதற்குள் கோகிலாவிடமிருந்து தொலைபேசி.

"அம்மா வந்தாகளா சார்? காய்ச்சல்னு மட்டும் சொன்னீகன்னா அப்புறம் நான் உங்ககூடப் பேச மாட்டேன். அவுகளக் குத்தவாளியாக்கித்தான் எனக்குத் தாலி ஏறணும்னா, அந்தத் தாலி கடையிலயே இருக்கட்டும்."

"வேறென்னம்மா சொல்ல?"

"கேட்டா உள்ளதச் சொல்லுங்க. நாங்கதானே சொல்லச் சொல்றோம்."

இந்த இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பற்றி வெளியாள் கேட்டால், வீட்டார் அனுமதி இல்லாமல் வாய் திறக்கக் கூடாது. எனக்கு அனுமதி இருந்தது. ஆனால் ஒரே வீட்டிலிருந்து ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு அனுமதி.

மாப்பிள்ளையின் தாய்மாமன் மறுநாளே வந்தார். குள்ளமான மனிதர், தடித்த கண்ணாடி, கையில் ஒரு சிறிய தோல் பை. சிங்கம்புணரியில் நகைவேலை செய்யும் பத்தர். என்னை அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிப் போய் ஆறு பஜ்ஜி சொன்னார்.

"வாத்தியாரய்யா, நான் சுத்தி வளைக்க மாட்டேன். பொண்ணப் பத்தி எல்லாரும் நல்லாத்தான் சொல்றாக. தம்பியப் பத்தித்தான் ஆளுக்கு ஒண்ணு சொல்றாக."

நான் இரவெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஆரம்பித்தேன். காய்ச்சல் காரணமில்லை, தாய் மேல் தவறில்லை. பரம்பரை என்ற இடத்துக்கு வந்தபோது அவர் கையைத் தூக்கினார்.

"அது கிடக்கட்டும். எங்க வகையிலயும் நாலு விதமாப் பொறந்துதான் இருக்கு. கிரகணத்தால வருதுன்னு எங்காளுக சொல்லுவாக."

"கிரகணத்தால இல்லைங்க."

"சரி, இல்ல."

அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. கிரகணத்துக்கு மட்டும் என்னிடம் நான்கு பதில்கள் தயாராக இருந்தன.

"நான் கேக்க வந்தது வேற. அந்தப் பொண்ணுக்குக் கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன்தானே?"

"ஆமா."

"நாளைக்கு ஒரு பிள்ளை பொறந்தா யாரு மடியில உக்கார வச்சுக் காது குத்துறது?"

டீத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

"முழிக்காதீக. தாய்மாமன் மடியிலதானே குத்தணும்? நான் பத்தர். எங்க பக்கத்துல பாதி ஊருக்குக் காது குத்துனவன். கம்பி ஏறுற நேரம் பிள்ளை துள்ளும். மாமன் இறுக்கிப் புடிச்சாத்தான் என் கை நிக்கும். மடி ஆடுச்சுன்னா கம்பி கழுத்துக்குப் போயிரும். அந்தப் பய மடி நிக்குமா, நிக்காதா?"

"தெரியலைங்க."

"இத்தனை வருசமாப் பாடம் எடுக்குறீகளாம், தெரியலைங்குறீக?"

"இத யாரும் எங்கிட்டக் கேட்டதில்ல."

உண்மை அதுதான். சட்டைப் பித்தான் போட, குளிக்க, தட்டுக் கழுவ, படத்தைக் காட்டிக் கேட்க, எல்லாம் அவனுக்குப் பழக்கியிருக்கிறேன். அவன் என் கண்ணுக்கு மாணவன். மல்லிகா கண்ணுக்குக் குழந்தை. அவன் ஒரு நாள் ஒருவருக்குத் தாய்மாமன் ஆவான் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றியதும் அதைக் காரணமாக வைத்து அவனைத் தட்டிக் கழிக்கவும் பார்க்கிறார். இவர் அவனை மதிக்கிறாரா, ஒதுக்குகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

"பிள்ளையத் தொடுவானா?"

"தெரியாது."

"அதுக்கும் தெரியாதா?" என்றவர் நான்காவது பஜ்ஜியை எடுத்தார். எனக்கு வைத்திருந்தது அது. "இன்னொண்ணு. அந்தம்மா எங்கிட்டக் காய்ச்சல்னு சொன்னுச்சு. நீங்க இல்லைங்குறீக. யாரு சொல்றது பொய்?"

மல்லிகா எனக்கு முன்னாலேயே சொல்லிவிட்டிருக்கிறார். இனி நான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு தலை உருளும். பொய் சொன்ன வீடு என்று எழுந்து போனால் கல்யாணம் அந்த மேசையிலேயே முடிந்தது. டீயை மெதுவாகக் குடித்தேன். நாக்கு சுட்டது.

"காய்ச்சல் வந்தது நெசம். அதனால இது வரலைங்கிறதும் நெசம். ரெண்டையும் முடிஞ்சு வச்சுக்கிட்டு அந்தம்மா பல வருசம் அழுதிருக்காக. அதுக்குப் பேரு பொய் இல்லீங்க."

பத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தன் தலையில போட்டுக்கிட்டுப் பொண்ணக் கரையேத்தப் பாக்குது. ம்." எழுந்து கை கழுவினார். "நடக்குமா நடக்காதான்னு இப்ப எனக்குத் தெரியல. நீங்க நாலு தெரியலை சொன்னீக. நான் ஒண்ணுதான் சொல்றேன், கோவிக்கக் கூடாது."

நான் சொன்னது இரண்டுதான். எதிரே சொல்லவில்லை.

கல்யாணம் நடந்தது. என் பதிலால் நடந்ததா, என் பதிலையும் மீறி நடந்ததா என்று தெரியவில்லை. பையன் பிடிவாதமாக இருந்தான் என்றும் கேள்வி. காய்ச்சல் இல்லை என்று நான் சொல்லிவிட்டது மல்லிகாவுக்குத் தெரிந்து, கொஞ்ச காலம் எனக்குச் சர்க்கரை போடாத டீ கொடுத்தார். எனக்குச் சர்க்கரை நோயும் உண்டு. அதனால் அது கோபமா, அக்கறையா என்பதும் தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்களிடம் அவர் காய்ச்சல் கதையையே சொல்லிவைத்திருந்தார்.

மடி விஷயம் மட்டும் பாக்கி நின்றது. பங்காளி வகையில் ஒரு மாமனைப் பிடித்துக்கொள்ளலாம் என்றார் பத்தர். "எந்தம்பி குத்துக்கல்லாட்டம் இருக்கையில இன்னொருத்தன் மடி எதுக்கு?" என்று கோகிலா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு வயது நெருங்கும்போது அம்மா வீட்டில் வந்து தங்கியிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"வேலு மடியில வைக்கலாமா சார்? ஆமா, இல்லை. ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. அமராவதிபுதூர் போனேன். முதலில் அவனைக் கேட்பதுதானே முறை. வேணுமா என்றேன், 'வேணுமா' என்றான். வேண்டாமா என்றேன், 'வேண்டாமா' என்றான். மடியில் குழந்தை உட்கார்ந்திருக்கும் படத்தைக் காட்டினேன். வாங்கிக் கவிழ்த்து வைத்தான். வேண்டாம் என்பதா, பார்த்துவிட்டேன் என்பதா? திரும்பலாம் என்று எழுந்தபோது, பாயில் கிடந்த குழந்தையின் பக்கத்தில் அவன் போய் உட்கார்ந்தான். குதிகாலை மட்டும் ஒரு விரலால் தொட்டான். குழந்தை காலை இழுத்துக்கொண்டது, திரும்ப நீட்டியது. அவன் திரும்பத் தொட்டான். நான் கிளம்பும்வரை அது முடியவில்லை.

கோகிலாவிடம் சொன்னேன். "மடியில நீங்க வைக்காதீங்க. அவனா வாங்கட்டும். அதுக்கு முன்னால தினமும் பழக்குங்க. ஒருநாள் வாங்கலைன்னா விட்டுருங்க. அப்புறம், காது குத்தும்போது மேளம் வேண்டாம்."

அவன் வாங்கினான். வாங்கிப் பழகினான். மேளத்துக்குத்தான் பத்தர் என்னுடன் தொலைபேசியில் சண்டை போட்டார்.

"மேளமில்லாமக் காதுகுத்தா? என்னய்யா, எழவு வீடா?"

"மத்த நேரம் வாசல்ல அடிக்கட்டும். குத்துற நேரம் மட்டும் வேண்டாம்."

"குத்துற நேரத்துக்குத்தான்யா மேளமே. பிள்ளை அழுகுற சத்தம் கேக்கக் கூடாதுல்ல?" கடைசியில் ஒத்துக்கொண்டார். மேளக்காரரிடம் தானே சொல்வதாகவும் சொன்னார். சொல்லவும் செய்தார்.

சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் அவர்களுடைய குலதெய்வக் கோவில். மண்டபத்தில் நூறு பேருக்குக் குறையாமல் கூட்டம். பாதியிலேயே ஆட்கள் மாறி மாறி உட்கார்ந்ததால் எண்ணிக்கை தவறிவிட்டது. நான் காற்றுக்காகப் பக்கவாட்டு வாசல் ஓரம் உட்கார்ந்தேன். வேலு மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பலகையில் உட்கார்ந்தான். குழந்தையைத் தானே வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். மடி ஆடவில்லை. பத்தர் வலது காதில் கம்பியை ஏற்றினார். குழந்தை வீல் என்றது.

மேளக்காரர் நல்ல மனிதர். ஆனால் வாழ்நாள் முழுவதும் அந்த அழுகைக்கு அடித்துப் பழகிய கை. யாரும் கண் காட்டாமலே கெட்டிமேளம் அடித்துவிட்டார்.

வேலு எழுந்தான். குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, என் பக்கத்து வாசல் வழியாக வெளியே போய்விட்டான்.

"ஏய், புடிங்கய்யா! பிள்ளையத் தூக்கிட்டு ஓடுறான்!"

பத்துப் பேர் எழுந்து வாசலை நோக்கி வந்தார்கள். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தவை இரண்டு. பின்னாலிருந்து யாராவது அவனைப் பிடித்தால் அவன் கையை உதறுவான், குழந்தை விழும். விட்டுவிட்டால், மதிலுக்கு அந்தப் பக்கம் பேருந்து போகும் சாலை. அவன் எங்கே போய் நிற்பான் என்பது தெரியாது. தம்பி தங்கைகளே, நான் துணிந்து முடிவெடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குத் தெரியவில்லை. இருந்தும் வாசலின் குறுக்கே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன்.

"தொடாதீக! யாரும் அவனைத் தொடாதீக! மேளத்த நிறுத்துங்கய்யா!"

ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். "பிள்ளைக்கு எதாவது ஆச்சு, உம்மள உசுரோட விட மாட்டேன்" என்றார் இன்னொருவர். அவர் சொன்னது நியாயம். கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். வேலு சாலைப் பக்கம் போகவில்லை. சமையல் கொட்டகைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். தோளில் குழந்தை. மேளம் நின்றது. கொஞ்சம் கழித்துக் குழந்தையின் அழுகையும் நின்றது.

கோகிலா தன் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். எழுந்தால் தன் காலே ஓடிவிடும் என்று பயந்தாளாம், பிறகு சொன்னாள்.

என் கைக்குக் கீழே குனிந்து ஒருவர் வெளியே போனார். பத்தர். வாயில் மிச்சமிருந்த கம்பி, கையில் சந்தனக் கிண்ணம். வேலுவுக்கு எதிரே போய்ச் சுவரோரம் நின்றார்.

"அப்பு, உக்காருறியாப்பா?"

'உக்காருறியாப்பா' என்றான் வேலு. உட்காரவில்லை. பத்தர் அவனுடைய தோள் உயரத்தையும் தன் உயரத்தையும் பார்த்தார்.

"வாத்தியாரய்யா, அங்க என்ன சிலுவை மாதிரி நிக்கிறீக? ஒரு ஸ்டூலக் கொண்டாங்க."

சமையல்காரர் கொடுத்த ஸ்டூலில் ஒரு கால் குட்டை. நான் தரையில் குந்தி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பத்தர் ஏறினார். குழந்தை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேலு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது காதிலும் கம்பி ஏறியது. ஒரு சின்ன அழுகை, அவ்வளவுதான்.

உள்ளே ஒரு கிழவர் நியாயம் பேசினார். "நின்னுக்கிட்டுக் குத்துனா எப்படி? மாமன் மடியிலல்ல குத்தணும்?"

"என்னையக் காதைக் குத்தச் சொன்னீகளா, மடியக் குத்தச் சொன்னீகளா?" என்றார் பத்தர். "ரெண்டு காதும் பாருங்க. மாமன் கையிலதான் இருக்கு பிள்ளை. இலையப் போடுங்க."

பந்தியில் என் காதுபட இரண்டு கதைகள் உருவாயின. ஒரு கோடியில், பிள்ளை வலி பொறுக்காமல் மாமன் தூக்கிக்கொண்டு போனான், அவன் தெய்வப் பிறவி என்றார்கள். மறு கோடியில், நல்லவேளை பிழைத்தது, அந்தப் பயலை நம்பி யார் கொடுத்தது என்றார்கள். இரண்டும் அன்று மாலைக்குள் கைப்பேசிகளில் போய்ச் சேர்ந்திருக்கும். எதை முதலில் மறுப்பது? பத்தர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"அவன் பிள்ளைக்காகப் போனானா, சத்தத்துக்காகப் போனானா?"

"தெரியலைங்க."

"நீரு மாறவே மாட்டீரு."

மல்லிகா வாளியோடு ரசம் பரிமாறிக்கொண்டு வந்தார். எங்களுக்கு எதிர் வரிசையில் மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருவர், பக்கத்து இலைகளுக்கும் கேட்கும்படி கேட்டார்.

"ஏத்தா, காய்ச்சலுக்கு நீ ஆஸ்பத்திரி கொண்டு போகாமத்தானே பய இப்படி ஆனான்? முன்னமே சொன்னீல்ல?"

கோகிலா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதே வரிசையின் கடைசியில் இருந்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் பழி மல்லிகாவோடு போகும். இல்லை என்றால் இனி எல்லாக் கண்ணும் அந்தக் குழந்தையின் மேல்தான் இருக்கும். அது பேசுகிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா என்று தினம் தினம் பார்ப்பார்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வாய் நிறையச் சோறு.

"காய்ச்சல் வந்துச்சுத்தா," என்றார் மல்லிகா. "அதனால இல்ல. அவன் என் வயித்துலயே அப்படித்தான் இருந்திருக்கான். அன்னைக்கு உங்ககிட்ட மாத்திச் சொன்னேன்."

"அப்ப பேத்திக்கும் வந்துட்டா?"

"வந்தா வரட்டும். இவனை வளத்தவதானே நான்? ரசம் ஊத்தட்டா?"

அந்தப் பெண் இலையில் இருந்த சோற்றை விரல்களால் விலக்கி, ரசத்துக்குக் குழி செய்தார்.